பொதுப்பணியில் தூய்மை: உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் கணக்குப் பொறுப்பு

முன்னுரை

பொதுப்பணியில் நேர்மை என்பது பெரும்பாலும் தனிமனித ஒழுக்கமாகவே பேசப்படுகிறது. அறநூல்கள் அதனை அறிவுரையாகக் கூறும். அறிவுரையோடு அமையாது, நேர்மையை நடைமுறை விதிகளாக வகுத்துக் கல்லில் பொறித்த சான்றுகளும் தமிழில் உள்ளன. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள முதற் பராந்தக சோழனின் இரு கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) அவற்றுள் தலையாயன. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932இல் வெளியிட்ட நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். குடவோலைத் தேர்தலுக்காகவே மிகுதியும் எடுத்தாளப்படும் இவற்றைப் பணிநேர்மை என்னும் நோக்கில் காண இக்கட்டுரை முற்படுகிறது.

முன்மரபு

ஓலையிட்ட குடத்தைப் பற்றிய செய்தி அகநானூற்றின் 77ஆம் பாடலிலேயே உவமையாக வருகிறது. கயிற்றால் கட்டிப் பொறியிட்ட குடத்தின் பொறியை ஆவண மாக்கள் ஆராய்ந்த பின்னரே அழித்து ஓலையை எடுத்தனர் என்பது அதனால் அறியப்படுகிறது. முறைகேடு நிகழாவண்ணம் காக்கும் எண்ணம் சோழர் காலத்திற்கு முன்பே இருந்தமைக்கு இது சான்றாகும்.

இரு கல்வெட்டுகளின் வேறுபாடு

919ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வாரியத்திற்குரியவர் பொருளிலும் உள்ளத்திலும் தூய்மை உடையவராக இருத்தல் வேண்டும் என்கிறது. மேலும், வாரியம் செய்து ஒழிந்தவர்க்கு 'அணைய பந்துக்கள்' குடவோலைக்கு உரியரல்லர் எனவும் விலக்குகிறது. 'அணைய' என்பதன் எல்லை யாது என்பதற்கு அதில் விளக்கமில்லை.

இரண்டு ஆண்டுகளில் இவ்விதி திருத்தம் பெற்றது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரை விலக்குவதோடு, அவருடைய சிற்றன்னை, பேரன்னை, அத்தை, மாமன் ஆகியோரின் மக்களையும், தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார் முதலிய உறவினரையும் தனித்தனியே சுட்டி விலக்குகிறது. பொதுச்சொல் பட்டியலாக மாறியதற்குரிய காரணத்தைக் கல்வெட்டு கூறவில்லை. எனினும், பொதுச்சொல்லுக்கு வேண்டியவாறு பொருள் கொள்ள இடமிருந்தது என ஊகிக்கலாம்.

தேர்வு நாள் நெறிகள்

தேர்வு நிகழும் முறையிலும் இக்கவனம் புலனாகிறது. உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவனே ஓலையை எடுக்க வேண்டும். அதனைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் படித்த பின்னர், மண்டபத்திலுள்ள நம்பிமார் அனைவரும் அவ்வோலையைப் படிக்க வேண்டும். மத்தியஸ்தன் நல்லவன் என்னும் நம்பிக்கை மட்டும் போதுமானதாகக் கொள்ளப்படவில்லை. அவன் கை யாவரும் காண விரிந்திருத்தல் விதியாயிற்று. வாரியம் 360 நாள்களுக்கு உரியது. இடையில் குற்றம் காணப்பட்டவர் அப்பொழுதே நீக்கப்பட்டனர்.

கணக்கர்க்குரிய விதி

அதிகம் பேசப்படாத பகுதி கணக்கரைப் பற்றியது. பொருள் தூய்மை உடையவனே கணக்கெழுத வேண்டும். பெருமக்களிடம் கணக்குக் காட்டிச் 'சுத்தன்' எனக் கொள்ளப்பட்ட பின்னரே அவன் மீண்டும் கணக்கிற்கு வரலாம். தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறு கணக்கர் புகுந்து அதனை முடித்தல் கூடாது. இங்கு, தூய்மை ஒருவரது பிறப்பாலோ புகழாலோ உறுதியாவதில்லை. அவையோர் முன் கணக்கு ஒப்புக்கொள்ளப்படுவதால் உறுதியாகிறது. பொறுப்பைப் பிறர்மேல் ஏற்றித் தப்பும் வழியும் அடைக்கப்படுகிறது.

முடிவுரை

இம்முறையை மக்களாட்சி எனப் போற்றுவோர் அதன் வரம்பையும் கருதுதல் வேண்டும். வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35 முதல் 70 வரையிலான அகவையும் தகுதிகளாயின. வேதம் ஒன்றும் பாடியம் ஒன்றும் வல்லார்க்கு மட்டும் அரைக்கால் வேலி போதுமானதாயிற்று. உழைப்போரும் பெண்டிரும் இதற்குப் புறம்பே நின்றனர். இத்தகைய குறுகிய வட்டத்தில் பெரும்பாலோர் ஒருவர்க்கொருவர் உறவினராகவே இருந்திருத்தல் கூடும். உறவுமுறைப் பட்டியல் இத்துணை நீண்டமைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

இவ்வரம்புகளுக்கு உட்பட்டும் இக்கல்வெட்டுகள் உணர்த்தும் கருத்து ஒன்றுண்டு. நல்லவரைத் தேடுவதோடு நில்லாமல், நல்லவர் எனக் கருதப்பட்டவரும் கணக்குக் காட்டியே ஆகவேண்டும் என அச்சபையோர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டனர். பொதுப்பணம் கையாளும் எப்பணிக்கும் இது பொருந்துவதாகும்.