சுங்கச் சோதனையில் கிடைத்த முதல் தகவல்: கெட்டமினும் 2004 அறிக்கையும்

இந்தியாவில் போதைப்பொருள் போக்குகளைக் கண்காணிக்கும் முயற்சிக்குத் தொடக்கமாக ஆய்வாளர்கள் பெரும்பாலும் காட்டுவது ஒரே நூலைத்தான். மருத்துவர் ரஜத் ரே தலைமையில் உருவாகி, மத்திய சமூகநீதி அமைச்சகமும் ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகமும் 2004இல் வெளியிட்ட தேசிய ஆய்வறிக்கை அது. அதன் உழைப்பு பெரியது. ஆனால் புதிதாகத் தலைதூக்கும் செயற்கைப் போதைப்பொருளை முன்கூட்டி அறியும் வழி அதிலிருந்தே கிளைத்தது என்ற வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, அந்த வழி சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துச் சுங்கச் சோதனையில் தொடங்கியது.

அறிக்கை மூன்று கால்களில் நிற்கிறது. 12 முதல் 60 வயது வரையான ஆண்கள் சுமார் 40,000 பேரிடம் நடந்த வீட்டுக் கணக்கெடுப்பு ஒன்று. சிகிச்சை மையங்களுக்குப் புதிதாக வந்தோரைப் பதிவு செய்த 'கண்காணிப்பு முறை' இரண்டாவது. சென்னை உள்ளிட்ட 14 நகரங்களில் நடந்த விரைவு மதிப்பீடு மூன்றாவது. களப்பணி 2000-2001இல் நடந்தது, அச்சானது 2004இல். இந்த இடைவெளியைக் கூட மன்னித்துவிடலாம். இரண்டாவது காலுக்குக் கண்காணிப்பு என்று பெயர் வைத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஒருவர் போதைப் பழக்கத்தில் விழுந்து, குடும்பம் கவனித்து, வெட்கத்தை மீறிச் சிகிச்சைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகின்றன. எனவே அந்தப் பதிவேடு பழைய பொருள்களையே காட்டும். காட்டியதும் அதைத்தான்: வந்தவர்களில் சுமார் 44 விழுக்காட்டினர் மதுவுக்காக வந்தவர்கள், அடுத்த இடம் அபின் வகைகளுக்கு. மேலும், ஒரே முறை எடுத்த அளவீட்டுக்குத் தலைப்பில் 'போக்குகள்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். இரண்டு புள்ளிகளாவது இல்லாமல் கோடு எப்படி வரும்?

விரைவு மதிப்பீட்டை இந்தக் குறையில் சேர்க்கமாட்டேன். தெருவில் இருப்பவர்களிடமே நேராகப் போய்க் கேட்ட பகுதி அது. சென்னையில் பிரவுன் சுகர் புகைத்தவர்கள் புப்ரெனார்பின் ஊசிக்கு மாறிய 1990களின் கதை இத்தகைய களப்பணியால்தான் தெரியவந்தது. ஆனால் 14 நகரங்களுக்கு வெளியே அதற்குக் கண் இல்லை.

வீட்டுக் கணக்கெடுப்பின் எல்லை திருவண்ணாமலையில் பளிச்சென்று தெரியும். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கும் கூட்டம், விடுதிகளில் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டவர், பாதையோரத்துச் சாதுக்கள் ஆகிய எவரும் எந்த வீட்டின் மாதிரியிலும் விழமாட்டார்கள். 2019இல் வெளியான அடுத்த தேசிய ஆய்வு 186 மாவட்டங்களுக்குப் போனது. ஆனால் அதன் மதிப்பீடுகள் மாநில அளவில்தான் கிடைக்கின்றன. ஒரு கோயில் நகரம் அதில் கரைந்துவிடுகிறது.

இனி, யாரும் நின்று படிக்காத ஒரு சட்ட வாசகத்துக்கு வருகிறேன். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் (என்.டி.பி.எஸ்.) சட்டத்தின் 3ஆம் பிரிவு, மனமயக்கப் பொருள் பட்டியலில் ஒன்றைச் சேர்க்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான அடிப்படைகளில் ஒன்று பன்னாட்டு ஒப்பந்தங்களில் வரும் மாற்றம். மற்றது, அப்பொருளின் தன்மை, விளைவு, தவறான பயன்பாடு அல்லது தவறாகப் பயன்படுத்தப்படுவதற்கான வாய்ப்பு பற்றிக் கிடைத்த தகவல். கவனிக்க வேண்டியது அந்த 'அல்லது'. அடிமையானவர்களின் எண்ணிக்கை வந்து சேரும்வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. முன்னெச்சரிக்கைக்கான இடம், 2004 அறிக்கைக்கு ஏறத்தாழ இருபதாண்டு முன்பே சட்டத்தில் இருந்தது.

அந்த இடத்தை நிரப்பியது கெட்டமின். மனிதருக்கும் கால்நடைக்கும் மயக்க மருந்தாக இந்தியாவில் சட்டப்படி தயாரானது. 2000களில் அது சென்னை வழியாக மலேசியா, சிங்கப்பூர் நோக்கிப் பயணிகளின் பெட்டிகளில் கடத்தப்பட, சுங்கத்துறை தொடர்ந்து பிடித்தது. அப்போது என்.டி.பி.எஸ். பட்டியலில் அது இல்லாததால் சுங்கச் சட்டத்தின் கீழ்தான் நடவடிக்கை. 2006, 2007 ஆண்டுகளில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கெட்டமின் குறித்துத் தீர்மானங்கள் நிறைவேற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவோ, பட்டியலிடத் தகவல் போதாது என்று 2006இல் கூறியது. 2007 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2011 பிப்ரவரியில் அது பட்டியலில் ஏறியது.

கெட்டமின் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியல் எதிலும் இல்லை. ஆகவே 2011 முடிவு 'தகவல்' என்ற அடிப்படையில் மட்டுமே நிற்க முடியும். அந்தத் தகவல் எங்கிருந்து வந்திருக்கும்? வீட்டுக் கணக்கெடுப்பிலிருந்தோ சிகிச்சைப் பதிவேட்டிலிருந்தோ வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிடிபட்ட பெட்டிகளே பேசியிருக்க வேண்டும். இது அனுமானம்தான்; அரசாணை காரணங்களை அடுக்கிச் சொல்வதில்லை. வெளிநாட்டுக்குப் போன சரக்கு உள்ளூர்ப் போக்காகுமா என்ற மறுப்பும் நியாயமானதே. ஆனால் இதே கேள்விக்கு ஐரோப்பா 1997 ஜூனிலேயே விடை கண்டுவிட்டது. அன்று தொடங்கிய அதன் முன்னெச்சரிக்கை முறை, யூரோபோலின் காவல் தகவலையும் போதைப்பொருள் கண்காணிப்பு மையத்தின் சுகாதாரத் தகவலையும் ஒன்றாகச் சேர்க்கச் சொன்னது. பிடிபடுதல் அங்கே முதல் சாட்சி. நம் நாட்டில் சுங்கத்தின் கோப்பும் மருத்துவமனையின் கோப்பும் வெவ்வேறு அமைச்சகங்களின் அலமாரிகளில் கிடந்தன.

தொடக்க ஆண்டாக 2007ஐக் கொள்வதா, 2011ஐக் கொள்வதா என்பதில் நான் உறுதியாக இல்லை. எச்சரிக்கை செயலாக மாறிய நாள் என்றால் 2007. சட்டமாக மாறிய நாள் என்றால் 2011. முதல் பறிமுதலையே தொடக்கமாகக் கொள்வோரும் உண்டாகலாம். அது இன்னும் பின்னோக்கிப் போகும்.

பின்னர் வந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். மெஃபெட்ரோன் 2015இலும், வலிமாத்திரையான டிரமடால் 2018 ஏப்ரலிலும் பட்டியலில் சேர்ந்தன. டிரமடாலுக்குக் கதவு அடைபட்ட பிறகு தமிழ்நாட்டுக் காவல்துறை வழக்குகளில் இன்னொரு வலிமாத்திரையான டபென்டடாலின் பெயர் அடிக்கடி வரத் தொடங்கியது. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். இங்கும் முதல் தகவல் இருக்கக்கூடிய இடம் மருந்துக் கடையின் கொள்முதல் பில். எலும்பு முறிவு மருத்துவரே இல்லாத தெருவில் ஒரு கடை பெட்டி பெட்டியாக வலிமாத்திரை வாங்கினால், மருந்து ஆய்வாளர் அதை அந்த மாதமே பார்க்கலாம்.

திருவண்ணாமலை போன்ற ஊரில் பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் கழிவுநீர் மாதிரி எடுத்து ஒப்பிடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். ஐரோப்பிய நகரங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் நடக்கும் முறை அது. வீடு, விடுதி, சாது என்ற பேதமும் அதற்கு இல்லை. ஆனால் வழக்கமான கழிவுநீர்ச் சோதனை, எந்த மூலக்கூறைத் தேடுவது என்று முன்பே தெரிந்தால்தான் நடக்கும். அந்தப் பெயரை, பிடிபட்ட பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் தடய அறிவியல் ஆய்வகம்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.