ஃப்ளைட் சிமுலேட்டர்: ஜி.பி.எஸ் கோடு சொல்லாத உயரம்!

ஃப்ளைட் சிமுலேட்டர் இன்ஸ்டால் செய்த முதல் வாரம் எல்லோருக்கும் ஒரே வேலைதான். பக்கத்து ஊர் விமான நிலையத்திலிருந்து கிளம்பி, நம்ம வீட்டு மொட்டை மாடி தெரியுதான்னு தேடி, கடைசியில் ஏதோ ஒரு வயலில் போய் இறங்குவது. ரெண்டாவது வாரத்தில் ஜி.பி.எஸ் பிடிபட்டுவிடும். கிளம்பும் இடம், சேரும் இடம் இரண்டையும் கொடுத்தால் திரையில் மெஜந்தா நிறத்தில் ஒரு கோடு விழும். ஆட்டோபைலட்டில் 'நேவ்' பட்டனைத் தட்டினால் விமானம் அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கும். நீங்க எழுந்து போய் டீ போட்டுட்டு வரலாம்.

பிரச்னை கடைசி 20 மைலில் ஆரம்பிக்கும். ரன்வே கண்ணுக்குத் தெரியும்போது நீங்க இன்னும் 6,000 அடியில் இருப்பீங்க. மூக்கைக் கீழே சாய்த்தால் வேகம் எகிறும். வேகத்தைக் குறைத்தால் உயரம் குறையாது. ரன்வேயின் பாதியைத் தாண்டி டயர் தரையைத் தொடும், அப்புறம் வேலியைத் தாண்டிப் புல்வெளி.

மேப்ஸ் ஆப் உங்களை அபார்ட்மென்ட் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும். எத்தனையாவது மாடின்னு சொல்லாது. 'நேவ்' மோடில் பறக்கும் மெஜந்தா கோடும் அப்படித்தான், அது இடம் வலம் மட்டும் பார்க்கும். மாடியைச் சொல்வதற்குத்தான் 'அப்ரோச்' என்ற நடைமுறை இருக்கு.

சார்ட்டில் என்ன பார்க்கணும்?

ஒவ்வொரு ரன்வேக்கும் இறங்கும் வழியை வரைந்த ஒரு பக்க சார்ட் உண்டு. இந்திய விமான நிலையங்களின் சார்ட்டுகளை இந்திய விமான நிலைய ஆணையமே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கு. முதல்முறை பார்த்தால் சர்க்யூட் போர்டு மாதிரி தலை சுத்தும். பயப்படாதீங்க, நாலு விஷயம் போதும். எந்தப் புள்ளியில் ஆரம்பிக்கணும், எந்தப் புள்ளியில் எந்த உயரம், எந்த உயரத்துக்குக் கீழே ரன்வே தெரியாமல் போகக் கூடாது, தெரியலைன்னா எங்கே திரும்பணும்.

சிமுலேட்டரில் செஸ்னா 172, கார்மின் ஜி 1000 இருக்கும் விமானத்தை எடுத்துக்குங்க. 'ப்ரொசீஜர்' பட்டனைத் தட்டி, ரன்வேக்கான அப்ரோச்சைத் தேர்ந்தெடுத்ததும், எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு கேட்கும். பலர் இங்கே 'வெக்டர்ஸ்' என்பதைத் தட்டிவிடுவார்கள். அது, தரைக் கட்டுப்பாட்டாளர் ஒருவர் உங்களைக் கைபிடித்துக் கூட்டிட்டு வரும்போது பயன்படுத்துவது. தனியாகப் பறக்கும்போது பெயருள்ள ஆரம்பப் புள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுங்க. அடுத்து 'லோடு', 'ஆக்டிவேட்' என ரெண்டு வாய்ப்பு வரும். லோடு செய்தால் அப்ரோச் உங்க திட்டத்தின் வாலில் போய் ஒட்டிக்கும். ஆக்டிவேட் செய்தால் இப்போதே அந்தப் பக்கம் திரும்பச் சொல்லும். நடுவழியில் அவசரப்பட்டு ஆக்டிவேட் செய்துவிட்டு, 'விமானம் ஏன் திடீர்னு திரும்புது?' எனக் குழம்புவது இந்தப் பொழுதுபோக்கில் ரொம்ப சகஜம்.

உயரக் கணக்கு எளிது. குறைக்க வேண்டிய ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 நாட்டிக்கல் மைல். 8,000 அடியிலிருந்து 2,000 அடிக்கு வரணும்னா 6 முறை 3, அதாவது 18 மைல். வேகம் குறைக்க ஒரு ரெண்டு மைல் சேர்த்துக்குங்க. ஆக, 20 மைல் இருக்கும்போதே இறங்க ஆரம்பிக்கணும். கடைசிப் பகுதியில் வழக்கமான சரிவு 3 டிகிரி. அதற்குத் தரை வேகத்தை 5-ஆல் பெருக்குங்க. 90 நாட் வேகம்னா நிமிடத்துக்கு 450 அடி இறங்கினால் சரி. இந்த ரெண்டு கணக்கும் மனசில் இருந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

ரேடியோ சிக்னலை நம்பும் ஐ.எல்.எஸ் அப்ரோச்சாக இருந்தால் ஒரு கூடுதல் வேலை உண்டு. ஜி 1000-இல் ஊசி மெஜந்தாவாக இருந்தால் அது ஜி.பி.எஸ்ஸைப் பார்க்குது, பச்சையாக இருந்தால் ரேடியோவைப் பார்க்குது. ஐ.எல்.எஸ்ஸில் இறங்கும்போது ஊசி பச்சையாக மாறியிருக்கணும். மாறாமல் 'அப்ரோச்' மோடைத் தட்டிட்டு, விமானம் சரிவைப் பிடிக்கலையேன்னு சிமுலேட்டரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. சரிவுப் பாதையைக் கீழேயிருந்துதான் பிடிக்கணும். மேலேயிருந்து துரத்திப் பிடிக்கப் பார்த்தால் வேகம் கையை மீறிப் போகும்.

பாரிஸ், 2022

'கேம்தானே, இவ்வளவு நுணுக்கம் எதுக்கு?' என்று தோணலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு நிஜ சம்பவமே பதில்.

2022 மே 23. ஸ்டாக்ஹோமிலிருந்து பாரிஸின் சார்ல்ஸ் து கோல் விமான நிலையத்துக்கு ஒரு ஏர்பஸ் ஏ320 வந்துகொண்டிருந்தது. மழை, மேகம். ரன்வே 27 ரைட்டுக்கு, செயற்கைக்கோளை வழிகாட்டியாகக் கொண்ட அப்ரோச். இடம் வலமாக விமானம் சரியான கோட்டில்தான் இருந்தது. ஆனால் இந்த வகை அப்ரோச்சில் உயரத்தைச் செயற்கைக்கோள் பார்க்காது, காற்றழுத்தத்தை அளக்கும் அல்டிமீட்டர்தான் பார்க்கும்.

அல்டிமீட்டர் சரியாகக் காட்ட, அந்த நேரத்தில் அந்த ஊரின் காற்றழுத்தத்தை அதில் வைக்கணும். அந்த எண்ணுக்கு கியூ.என்.ஹெச் என்று பெயர். அன்று பாரிஸில் அது 1001. தரைக் கட்டுப்பாட்டிலிருந்து சொன்னது 1011. விமானிகள் 1011 என்றே வைத்தார்கள்.

ஒரே ஒரு இலக்கம்தான் மாறியது. ஆனால் ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது சுமார் 28 அடி. பத்து என்றால் 280 அடி. அதாவது, விமானம் தான் நினைத்த இடத்தைவிட 280 அடி கீழே, சரியான சரிவுக்கு இணையாக, எந்தக் குலுக்கலும் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. காக்பிட்டில் எல்லா ஊசியும் நடுவில். விமானத்தின் தரை எச்சரிக்கைக் கருவியும் வாய் திறக்கவில்லை. தரைக் கட்டுப்பாட்டு அறையின் கணினியில்தான் எச்சரிக்கை ஒலித்தது.

விமானிகளைக் காப்பாற்றியது ஒரு பழைய விதி. மினிமம் என்ற உயரம் வந்ததும் ரன்வே தெரியலை. அதனால் இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே ஏறினார்கள். ஏறத் திரும்பிய அந்த நொடியில், விமானத்தின் ரேடியோ உயரமானி பதிவு செய்த மிகக் குறைந்த உயரம் 6 அடி. ரன்வே தொடங்க இன்னும் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் 178 பேர். இரண்டாவது முயற்சியிலும் அதே தப்பான எண்தான் இருந்தது, ஆனால் இந்த முறை ரன்வே கண்ணில் பட்டதால் பத்திரமாக இறங்கிவிட்டார்கள்.

ஏறக்குறைய ஒரு ஆள் உயரம்தாங்க அந்த 6 அடி!

இதை வீட்டில் செய்து பார்க்கலாம். மேகத்தை 500 அடியில் வைங்க, மழையைப் போடுங்க. சிறிய விமானத்தில் 'எல்-நேவ்' வகை அப்ரோச் ஒன்றை லோடு பண்ணுங்க. அல்டிமீட்டர் அங்குலக் கணக்கில் இருந்தால் சரியான எண்ணிலிருந்து 0.30 கூட்டி வைங்க, அதுதான் ஏறக்குறைய 10 ஹெக்டோபாஸ்கல். இப்போ சார்ட்டில் உள்ள உயரங்களை ஒழுங்காகப் பின்பற்றி இறங்குங்க. மேகத்தைவிட்டு வெளியே வரும்போது மரங்களும் வீடுகளும் எவ்வளவு பக்கத்தில் இருக்குன்னு பாருங்க. முதுகு நிமிர்ந்து உட்காருவீங்க. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் 'பி' கீயைத் தட்டினால் அல்டிமீட்டர் தானாகவே சரியாகிவிடும். வசதிதான், ஆனால் வானிலை அறிவிப்பைக் கேட்டு, நீங்களே எண்ணைத் திருகிவைக்கும் பழக்கம்தான் நல்லது.

எல்லா ஜி.பி.எஸ் அப்ரோச்சும் ஒண்ணு இல்லை

எல்-நேவ் என்றால் இடம் வலம் மட்டும். எல்-நேவ்/வி-நேவ் என்றால் உயரத்துக்கும் ஒரு சரிவு கிடைக்கும், ஆனால் ஏர்லைன் விமானங்களில் அது பெரும்பாலும் அல்டிமீட்டரை நம்பியது. பாரிஸில் நடந்தது இதில்தான். எல்.பி.வி என்றால் உயரத்தையும் செயற்கைக்கோளே கணக்கிடும். கூடவே பிழை திருத்தும் இன்னொரு செயற்கைக்கோள் அமைப்பும் வேணும். இந்தியாவில் இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய 'ககன்' அந்த வேலையைச் செய்யுது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் இண்டிகோவின் ஏ.டி.ஆர் விமானம் ககன் உதவியுடன் எல்.பி.வி முறையில் தரையிறங்கியது. ஐ.எல்.எஸ் கருவி வாங்க வசதியில்லாத சின்ன விமான நிலையங்களுக்கு இது பெரிய விஷயம். உங்க திரையில் எந்த வகை எரியுதுன்னு, கடைசிப் புள்ளியைத் தாண்டும் முன் ஒரு தடவை பார்த்துடுங்க. எல்.பி.வி எதிர்பார்த்து எல்-நேவ் வந்திருந்தால் மினிமம் உயரமும் மாறும்.

கோடே தப்பாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. 1995 டிசம்பரில் கொலம்பியாவின் காலி நகரை நெருங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 757-இல், விமானிகள் 'ஆர்' என்ற ஒரே எழுத்தைக் கணினியில் கொடுத்தார்கள். அவர்கள் நினைத்தது பக்கத்தில் இருந்த ரோஸோ. கணினி எடுத்துக்கொண்டது போகோட்டா அருகே இருந்த ரோமியோ. இரவு நேரம், விமானம் இடது பக்கம் மலைகளை நோக்கித் திரும்பியது. 159 பேர் இறந்தார்கள், பிழைத்தது 4 பேர். அதே நிறுவனத்தின் பயிற்சி விமானி வாரன் வாண்டர்பர்க் 1997-இல் நடத்திய வகுப்பு ஒன்று விமான உலகில் இன்றும் பிரபலம். திரையில் உள்ள கோட்டையே நம்பிப் பறப்பவர்களுக்கு 'மெஜந்தாவின் பிள்ளைகள்' என்று பெயர் வைத்தவர் அவர். வீடியோ கிடைக்குது, சிமுலேட்டர் ஆட்கள் கட்டாயம் பார்க்கணும்.

அதனால் புள்ளியின் பெயரை டைப் செய்ததும், தூரமும் திசையும் சார்ட்டோடு ஒத்துப்போகுதான்னு பாருங்க. 12 மைல் இருக்க வேண்டியது 130 மைல்னு காட்டினால், வேற ஊரில் அதே பெயரில் ஒண்ணு இருக்குன்னு அர்த்தம்.

திரும்பி ஏறுவதுதான் கெத்து

சிமுலேட்டர் பிளேயர்களில் பலரும் பயிற்சி செய்யாத ஒரே விஷயம் கோ-அரவுண்ட். இறங்காமல் திரும்பினால் தோற்றுட்ட மாதிரி ஒரு எண்ணம். நிஜத்தில் ஒவ்வொரு அப்ரோச் சார்ட்டிலும் திரும்பிப் போகும் வழியும் சேர்த்தேதான் அச்சிட்டிருப்பார்கள். ஒரு வாரத்துக்கு, நாலு அப்ரோச்சில் ஒண்ணையாவது வேணும்னே கைவிடுங்க. முதலில் முழு பவர், மூக்கை உயர்த்துங்க, ஏறுவது உறுதியானதும் ஃப்ளாப்பைப் படிப்படியாகச் சுருட்டுங்க. அதுக்கு அப்புறம்தான் ஜி.பி.எஸ் பக்கம் கை போகணும். கார்மின் 430, 530 கருவிகளில் ரன்வேயைத் தாண்டியதும் கோடு அப்படியே நின்றுபோகும். 'ஓ.பி.எஸ்' பட்டனைத் தட்டினால்தான் திரும்பிப் போகும் வழிக்கு மாறும். இந்த ஒரு பட்டன் தெரியாமல் நேராகவே பறந்துபோய் மலையில் மோதிய வர்ச்சுவல் விமானங்கள் ஏராளம்.

போனில் 'இன்ஃபினிட் ஃப்ளைட்' ஆடுபவர்களுக்கும் இது பொருந்தும். அதிலும் அப்ரோச் நடைமுறைகளைச் சேர்த்துப் பறக்கலாம். திரை சின்னது என்பதால் சார்ட்டை இன்னொரு போனில் திறந்து பக்கத்தில் வெச்சுக்குங்க. நிஜ உலகில் இந்தத் தகவல்கள் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். உங்க சிமுலேட்டரின் தகவல் பழசாக இருந்தால், சார்ட்டில் இருக்கும் புள்ளி கருவியில் இருக்காது. அப்போ பதறாமல், கருவியில் உள்ள பழைய அப்ரோச்சுக்குப் பொருந்தும் சார்ட்டைத் தேடுங்க.

இதெல்லாம் கைக்கு வந்ததும் 'வாட்சிம்' மாதிரியான இலவச நெட்வொர்க்கில் சேரலாம். அங்கே கட்டுப்பாட்டாளராக உட்கார்ந்திருப்பது உங்களைப் போன்ற ஒரு மனிதர். அவர் கியூ.என்.ஹெச் சொன்னதும் அப்படியே திருப்பிச் சொல்லணும். கூடவே, முன்னாடி கேட்டு எழுதி வெச்ச வானிலை அறிவிப்பின் எண்ணையும் ஒரு பார்வை பாருங்க. ரெண்டும் பொருந்தலைன்னா கூச்சப்படாமல் மறுபடியும் கேளுங்க.