பாடசாலை இடைவேளைக்குப் பனங்கட்டிக் கச்சான் துண்டு

மன்னார்த் தீவில் பனைக்குக் குறைவில்லை. வீட்டில் பனங்கட்டி இருந்தால் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கடைப் பிஸ்கட் தேடத் தேவையில்லை, ஓவனும் வேண்டாம். எள்ளுருண்டை பிடித்துப் பழகிய கைக்கு இது புதிதுமல்ல.

தோல் நீக்கிய வறுத்த கச்சான் 200 கிராம், வறுத்த எள்ளு 50 கிராம், மொறுமொறுப்பாக வறுத்த அவல் 50 கிராம். கச்சானை ஒன்றிரண்டாக இடியுங்கள். கசப்பதையும் பூஞ்சணம் பிடித்ததையும் வீசிவிடுங்கள். அந்த நஞ்சு வறுத்தாலும் முழுதாக அழியாது.

200 கிராம் பனங்கட்டியைக் கால் கோப்பை தண்ணீரில் கரைத்து, மண்ணும் தூசும் போக வடிகட்டிக் காய்ச்சுங்கள். எல்லாம் பாகில்தான் இருக்கிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் விரலால் உருட்ட வரவேண்டும். முந்தி இறக்கினால் ஒக்டோபரில் தொடங்கும் மாரி ஈரத்தில் பெட்டிக்குள்ளேயே இளகிவிடும். உடையும் பதம்வரை விட்டால் சின்னப் பற்களுக்குக் கடினம். இறக்கியதும் மற்றவற்றைக் கொட்டிக் கிளறி, நல்லெண்ணெய் பூசிய தட்டில் அழுத்தி, சூடு ஆறுமுன் வெட்டுங்கள். காற்றுப் புகாத பேணியில் வையுங்கள்.

பனங்கட்டியும் இனிப்புத்தான், நாளுக்கு ஒரு துண்டு போதும். கச்சான் ஒவ்வாத பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டுக் கொடுத்தனுப்புங்கள்.