செலரான் 300ஏ செயலியும் 450 மெகாஹெர்ட்ஸ் எல்லையும்

செலரான் 300ஏ என்பது அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் 1998 ஆகஸ்ட் 24 அன்று வெளியிட்ட மேசைக் கணினி நுண்செயலி ஆகும். 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு என்று விற்கப்பட்ட இந்த மலிவுவிலைச் செயலி, வாங்கியவர்களில் பெரும்பாலோரின் கணினிகளில் 450 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் சிரமமின்றி ஓடியது. அதே நாளில் வெளியான பென்டியம் II 450 செயலியின் மொத்த விற்பனை விலை 669 டாலர். செலரான் 300ஏ-யின் விலை 149 டாலர். ஒரு செயலியை அதன் தயாரிப்பாளர் குறித்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் இயக்குவதை ஓவர்கிளாக்கிங் என்பர். அந்தப் பழக்கம் சிலரது பொழுதுபோக்காக இருந்த நிலை மாறி, மாணவர்களும் சிக்கனம் பார்ப்பவர்களும் கூடக் கைக்கொள்ளும் ஒன்றாகியது இந்தச் செயலியால்தான்.

450-ஐ எட்டியவர்கள் இயல்பாகவே அடுத்த படிக்கு முயன்றனர். பலருக்கு அது கைகூடவில்லை. தடை எங்கே இருக்கிறது என்று அவர்கள் தேடிய முறை கணினி வரலாற்றில் தனியாகக் கவனிக்கத்தக்கது. இரண்டே ஆண்டுகளில் இன்டெல் நிறுவனமும் அதே தடையில் முட்டிக்கொண்டது.

கடிகார வேகம்

ஒரு செயலியின் கடிகாரத்தைப் பள்ளிக்கூட மணியோடு ஒப்பிடலாம். மணி அடித்ததும் ஆசிரியர் நோட்டுகளை வாங்கிவிடுகிறார். மாணவர் கணக்கை முடித்திருந்தால் விடை சரி. பாதியில் இருந்தால் அந்தப் பாதியே விடையாகிவிடும். செயலிக்குள் மின்குறிகை பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து அடுத்த மணிக்குள் போய்ச் சேரவேண்டும். பாதைகளுள் மிக நீண்டது எதுவோ, அதுதான் மணியை எவ்வளவு விரைவாக அடிக்கலாம் என்பதை முடிவு செய்கிறது. மற்ற ஆயிரம் பாதைகள் முன்னதாகவே முடித்துவிட்டாலும் பயனில்லை.

இந்த மணியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, செயலியையும் நினைவகத்தையும் இணைக்கும் பஸ் எனப்படும் தடத்தின் வேகம். மற்றது செயலிக்குள் அமைந்த பெருக்கெண். செலரான் 300ஏ-யில் பஸ் 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 4.5.

முன்கதை

வேகத்தைக் கூட்டும் ஆசை 1998-இல் பிறந்ததன்று. ஐபிஎம் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட பிசி ஏடி கணினியின் செயலி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் பலகையில் இருந்த 12 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகத்தைக் கழற்றிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினால் வேகம் 8 மெகாஹெர்ட்ஸ் ஆனது. சில டாலர் செலவில் கணினி மூன்றில் ஒரு பங்கு வேகம் பெற்றது. ஐபிஎம் இதை விரும்பவில்லை. பின்னர் வந்த பயாஸ் நிரலில் வேகத்தைச் சோதித்து, கூடுதலாக இருந்தால் கணினி இயங்காதபடி செய்தது.

1990-களின் நடுவில் வேறொரு தொல்லை வந்தது. குறைந்த வேகச் செயலிகளின் மேலிருந்த எழுத்துகளை அழித்து, கூடுதல் வேகத்தைப் பொறித்து விற்கும் மோசடிக்காரர்கள் கிளம்பினர். வாங்கியவருக்குத் தெரியாமலேயே அவரது கணினி ஓவர்கிளாக் செய்யப்பட்டு, அடிக்கடி நின்றுபோயிற்று. இதைத் தடுக்க இன்டெல் பெருக்கெண்ணை மாற்றமுடியாதபடி பூட்டியது. மோசடியைத் தடுப்பதே பூட்டுக்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் மலிவான செயலியை வாங்கி உயர்ந்த வேகத்தில் ஓட்டுவோரால் விலை உயர்ந்த செயலிகளின் விற்பனை குறையாமல் காக்கவும் அது உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. எப்படியிருப்பினும், பெருக்கெண் பூட்டப்பட்டபின் பயனருக்கு எஞ்சியது பஸ் வேகம் ஒன்றே.

450 ஏன் எளிதாக இருந்தது

1998 ஏப்ரலில் வந்த முதல் செலரானில் இரண்டாம் நிலை கேஷ் நினைவகம் இல்லை. அதனால் அது மந்தமாக இருந்தது. விமர்சகர்கள் கடுமையாகக் குறைகூறினர். குறையைத் தீர்க்க 300ஏ-யில் 128 கிலோபைட் கேஷ் நினைவகம் செயலியின் சில்லுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. பென்டியம் II-இல் கேஷ் 512 கிலோபைட். ஆனால் அது தனிச் சில்லுகளாக அட்டையின் மேல் அமர்ந்து, செயலியின் பாதி வேகத்தில் மட்டும் ஓடியது. செயலி மேலும் வேகமெடுக்க முடிந்தாலும் அந்தத் தனிச் சில்லுகள் ஈடுகொடுக்காமல் நின்றுவிடுவது உண்டு. மலிவுக்காகக் கேஷைச் சில்லுக்குள் வைத்தபோது, இன்டெல் தன்னை அறியாமலே அந்தத் தடையையும் நீக்கிவிட்டது.

இன்னொரு காரணம் எளிமையானது. 300ஏ-யும் பென்டியம் II 450-உம் ஒரே 0.25 மைக்ரான் முறையில் செய்யப்பட்டவை. 450 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடிய சில்லுகளைச் செய்யும் முறை அந்தத் தொழிற்சாலைகளுக்குக் கைவந்துவிட்டது. 300 என்ற எண் சில்லின் இயலாமையைக் காட்டவில்லை. சந்தையில் அது நிற்கவேண்டிய இடத்தைத்தான் காட்டியது. ஆகவே 66-ஐ 100 ஆக்கினால் 4.5 மடங்கில் 450 கிடைத்தது. பஸ்ஸை 100-ஆக அமைக்கும் வசதி 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட தாய்ப்பலகைகளில் இருந்தது. ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6 போன்ற பலகைகளில் பயாஸ் திரையிலேயே பஸ் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் மாற்றலாம். அந்த வசதி இல்லாத பலகைகளுக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. செயலி அட்டையில் பி21 என்ற தொடுமுனை பஸ் வேகத்தைப் பலகைக்கு அறிவிக்கும். அதன்மேல் சிறு ஒட்டுநாடாத் துண்டையோ நகப்பூச்சையோ வைத்து மறைத்துவிட்டால், வந்திருப்பது 100 மெகாஹெர்ட்ஸ் செயலி என்று பலகை எண்ணிக்கொள்ளும்.

வேகம் ஏறாதபோது

450-க்கு மேல் கிடைத்த அடுத்த படிகள் 103, 112 ஆகிய பஸ் வேகங்கள். 112-இல் செயலி 504 மெகாஹெர்ட்ஸ் ஆகும். இங்கேதான் பலரது கணினிகள் விண்டோஸ் தொடங்கும் முன்பே உறைந்தன. அல்லது தொடங்கி, விளையாட்டின் நடுவில் நின்றன. செயலி தாங்கவில்லை என்று பெரும்பாலோர் உடனே முடிவு கட்டினர். அது எப்போதும் சரியான முடிவாக இருக்கவில்லை.

பஸ் வேகத்தைக் கூட்டினால் செயலி மட்டும் வேகமெடுப்பதில்லை. நினைவகம், வரைகலை அட்டைக்கான ஏஜிபி தடம், வன்தட்டை இணைக்கும் பிசிஐ தடம் ஆகிய எல்லாம் அதே மணிக்குக் கட்டுப்பட்டவை. பிசிஐ ஓடவேண்டிய வேகம் 33 மெகாஹெர்ட்ஸ். பஸ் 66-இல் இருக்கும்போது அதைப் பாதியாகவும், 100-இல் இருக்கும்போது மூன்றில் ஒன்றாகவும் பலகை வகுத்துக்கொடுக்கும். இதனால் முதல் பார்வைக்கு விளங்காத ஒரு நிலை உண்டானது. பஸ்ஸை 83-இல் வைத்தவருக்குச் செயலியின் வேகம் ஏறத்தாழ 374 மெகாஹெர்ட்ஸ்தான்; ஆனால் பிசிஐ 41.5-இல் ஓடியது. 100-இல் வைத்தவருக்குச் செயலி 450-இல் ஓடியபோதும் பிசிஐ சரியாக 33-இல் இருந்தது. எனவே 374-இல் தகராறு செய்த கணினி 450-இல் ஒழுங்காக ஓடியது! படிப்படியாக ஏறவேண்டும் என்ற நல்ல பழக்கம் இங்கே ஆளைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோனது.

112-இல் பிசிஐ மீண்டும் 37-ஐத் தாண்டியது. ஏஜிபி 66-க்குப் பதிலாக 75-ஐ நெருங்கியது. பழைய வன்தட்டுகளில் இதனால் தரவு சிதைந்தது. கணினி நிற்பதைவிட இது கொடியது. நின்றால் உடனே தெரியும். சிதைந்த கோப்பு பல வாரம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் அதன் நகலும் சிதைந்திருக்கலாம். நினைவகமும் ஒரு காரணமாக இருந்தது. 66 மெகாஹெர்ட்ஸுக்கு என வாங்கிய பழைய நினைவகப் பட்டைகள் 100-லேயே திணறின.

இத்தகைய சமயத்தில் குற்றவாளியைத் தனித்துப் பிடிக்க நேரான வழி ஒன்று உண்டு. பஸ்ஸை உயர்த்திப் பெருக்கெண்ணைக் குறைத்தால், செயலி பழைய வேகத்திலேயே இருக்க மற்ற உறுப்புகள் மட்டும் சோதனைக்கு உள்ளாகும். செலரான் 300ஏ-யில் பெருக்கெண் பூட்டப்பட்டிருந்ததால் அந்த வழி அடைபட்டது. சுற்றுவழிகளையே நாடவேண்டியிருந்தது. நல்ல நினைவகத்தை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்ப்பர். தேவையற்ற அட்டைகளைக் கழற்றுவர். பயாஸில் இரண்டாம் நிலை கேஷை முடக்கிப் பார்ப்பர். கணினி மந்தமானாலும் நிலையாக ஓடினால், தடை அந்தக் கேஷில் இருக்கிறது என்று பொருள்.

இவற்றுக்குப் பிறகும் ஓடாவிட்டால்தான் மின்னழுத்தம். 300ஏ-யின் வழக்கமான மின்னழுத்தம் 2.0 வோல்ட். அதை 2.2 ஆக்கினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக இயங்கும். நீண்ட பாதையிலும் குறிகை நேரத்துக்குள் போய்ச் சேரும். இதற்குக் கொடுக்கவேண்டிய விலை வெப்பம். வெளியாகும் வெப்பம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. 450 மெகாஹெர்ட்ஸில் 2.2 வோல்ட் என்றால் 1.5-ஐ 1.21-ஆல் பெருக்கவேண்டும், அதாவது வெப்பம் முன்பைவிடச் சுமார் 80 விழுக்காடு கூடுதல். சில்லு சூடேறினால் டிரான்சிஸ்டர்கள் மெதுவாகும். அதை ஈடுகட்ட மேலும் மின்னழுத்தம் கேட்கும். இந்தச் சுழலில் ஓரிடத்துக்கு மேல் மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் ஏறுவதற்கு மாறாக இறங்கும். பெரிய ஹீட் சிங்க், கூடுதல் விசிறி எல்லாம் அந்த இடத்தைச் சற்றுத் தள்ளிவைத்தன.

ஓடுகிறதா என்பதை எப்படி உறுதிசெய்வது என்பது மற்றொரு கேள்வி. விண்டோஸ் திறந்துவிட்டதே என்பது போதிய சான்றன்று. மிகப்பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சிக்காக ஜார்ஜ் வோல்ட்மேன் 1996-இல் உருவாக்கிய பிரைம்95 என்ற நிரல் இதற்குக் கைகொடுத்தது. முன்பே விடை தெரிந்த கணக்குகளைச் செயலியிடம் மணிக்கணக்கில் கொடுத்து, விடையைச் சரிபார்க்கும் சோதனை அதில் உண்டு. ஒரு விடை பிசகினாலும் அந்த வேகம் தேர்ச்சி பெறவில்லை என்று பொருள்.

தயாரிப்பாளருக்கும் அதே சோதனை

2000 மார்ச் 6 அன்று ஏஎம்டி நிறுவனம் 1 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஆத்லான் செயலியை அறிவித்தது. இரண்டு நாள் கழித்து இன்டெலும் தன் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் III-ஐ அறிவித்தது. போட்டி சூடுபிடிக்க, ஜூலை 31 அன்று இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் III-ஐ வெளியிட்டது. 1999 அக்டோபரில் 733 மெகாஹெர்ட்ஸ் வரை வந்த அதே 0.18 மைக்ரான் சில்லு வகைதான் இது. மின்னழுத்தமும் உயர்த்தப்பட்டிருந்தது. வீட்டில் செய்தால் ஓவர்கிளாக்கிங் எனப்படுவதை, இங்கே தொழிற்சாலையே செய்து உத்தரவாதத்துடன் விற்றது.

வன்பொருள் விமர்சகர் தாமஸ் பாப்ஸ்ட் தமக்கு வந்த செயலியில் லினக்ஸ் கெர்னலை நிரல்தொகுக்க முயன்றார், அது முடியவில்லை. மற்றொரு விமர்சகரான கைல் பென்னட்டும் இதே கோளாற்றைக் கண்டார். சாதாரண அலுவலக வேலைகளில் வெளிப்படாத பிழை, நீண்ட நேரம் கடுமையாக உழைக்கும் பணியில் வெளிப்பட்டது. தன் ஆய்வகத்திலும் பிழை உறுதியானபின், ஆகஸ்ட் 28 அன்று இன்டெல் அந்தச் செயலியைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டுதான் பென்டியம் III அந்த வேகத்தில் மீண்டும் வந்தது.

4 கிகாஹெர்ட்ஸ்

2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 வேறு வழியை எடுத்தது. மணி விரைவாக அடிக்கவேண்டுமானால் ஒவ்வொரு மணிக்கும் கொடுக்கும் வேலையைச் சிறிதாக்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஒரு கட்டளையை அது 20 படிகளாகப் பிரித்தது. 2004 பிப்ரவரியில் வந்த பிரெஸ்காட் வகை 31 படிகளாகப் பிரித்தது.

டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே போகலாம், அதனால் வெப்பம் கட்டுக்குள் இருக்கும் என்பது ஐபிஎம் அறிஞர் ராபர்ட் டென்னார்டு குழுவினர் 1974-இல் காட்டிய விதி. 90 நானோமீட்டர் அளவுக்கு வந்தபோது, டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போதும் மின்னோட்டம் கசிந்தது. மின்னழுத்தத்தை முன்போலக் குறைக்க இயலவில்லை. 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-க்கு 115 வாட் வெப்பத்தை அகற்றும் ஏற்பாடு தேவைப்பட்டது. 2004 மே மாதம் அடுத்த தலைமுறையான டெஜாஸ் கைவிடப்பட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-உம் கைவிடப்பட்டது. அம்மாதம் நடந்த ஒரு தொழில்நுட்ப மாநாட்டில் இன்டெலின் தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட் இதற்காக மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார், பாதி வேடிக்கையாகத்தான்.

2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோ செயலிகள் 3 கிகாஹெர்ட்ஸைக்கூடத் தொடாமல் பழைய பென்டியம் 4-ஐ முந்தின. அவற்றுள் மலிவான இ6300-இன் வேகம் 1.86 கிகாஹெர்ட்ஸ், பஸ் 266, பெருக்கெண் 7. பஸ்ஸை 400 ஆக்கி 2.8 கிகாஹெர்ட்ஸ் பெற்றவர்கள் பலர். அதற்கு மேல் ஏறாதபோது, தடுப்பது செயலியா பலகையா என்ற பழைய கேள்வியே மறுபடி எழுந்தது. ஆனால் இம்முறை பெருக்கெண்ணை 7-லிருந்து 6-ஆகக் குறைக்க முடிந்தது. குறைத்தும் ஓடாத இடத்தில் நின்றது பெரும்பாலும் பலகையே.