தலைமயிரே தூண்டில்

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வேலையாள் ஒருவர் கையில் படர்தாமரை காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பிறரிடமிருந்து தொற்றியதா, மண்ணிலிருந்தா?

இத்தகைய தோல்நோய்க்குக் காளானே காரணம் என்பதை 1841-இல் குரூபி பாரிசில் காட்டினார். தோற்செதிலைச் சபுரோ ஊடகத்தில் வளர்த்தால் இனம் தெரியும். மண்ணை அவ்வாறு வளர்த்தாலோ, வேகமாக வளரும் வேறு பூசணங்கள் தட்டை மூடிவிடும்.

1952-இல் பெல்ஜிய அறிஞர் வான்பிரசெகம் எளிய வழி கண்டார். ஈரமண்மீது கிருமிநீக்கிய தலைமயிரைத் தூவிவைத்தார் (செலவு ஒரு பிடி மயிர்தான்!). மயிரிலுள்ள கெராட்டினை உண்ணவல்ல காளான்கள் சில வாரங்களில் அதன்மீது படர்ந்தன. அவற்றின் வித்துகளை நுண்ணோக்கியில் நோக்குங்கள்: கதிர்கோல் வடிவும் சொரசொரப்பான மெல்லிய சுவரும் இருந்தால், மண்வாழ் மைக்ரோஸ்போரம் ஜிப்சியம் என ஐயுறலாம். கைச்செதிலிலும் அதுவே வளர்ந்தால் மண்ணின்மீது சந்தேகம் வலுக்கும்.

சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாமக்கல் பண்ணைமண்ணை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டதும் இம்முறையால்தான்.