வெளிவிடும் மூச்சின் வரலாறு

லேக் மார்க்கெட்டில் பூவும் வாழையிலையும் காய்கறியும் வாங்கப் புகுமுன், விடியற்காலையில் இரவீந்திர சரோவரைச் சுற்றி வருவது நம்மவர் பலருக்கு வழக்கம். 1920-களில் கல்கத்தா நகர மேம்பாட்டு டிரஸ்டு வெட்டுவித்த அந்த ஏரி, 1958-இல் தாகூர் பெருமானின் பெயரைத் தாங்கியது. அதன் கரையில் சம்மணமிட்டு அமர்ந்து மூச்சுப் பயிலும் முதியோரைக் காண்கிறோம். நம் இல்லங்கள் சிலவற்றிலும் சந்தியாவந்தனத்தின்போது பிராணாயாமம் நிகழ்வதுண்டு. ஆனால் அலுவலகம் செல்லும் அவசரத்தில், அது விரல் மூக்கைத் தொட்டு மீள்வதோடு நின்றுவிடுகிறது. இவ்வாறு சடங்காய்ச் சுருங்கிய ஒன்று உண்மையில் எத்தகைய செல்வம் என்பதைச் சிறிது நினைவுகூர்வோம்.

தமிழில் இக்கலையை விரித்துரைத்த பெருநூல் திருமூலரின் திருமந்திரம். அதன் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமம் தனிப் பகுதியாகவே அமைந்துள்ளது. உள்ளிழுக்கும் பூரகம் 16 மாத்திரை, உள்ளே நிறுத்தும் கும்பகம் 64, வெளிவிடும் இரேசகம் 32 என்பது அங்குக் கூறப்படும் கணக்கு. இழுப்பதைப் போல் இரு மடங்கு நேரம் விடுதல் வேண்டும் என்பதை அன்பர்கள் இங்கே கருத்தில் இருத்துக.

நெடுங்காலம் குருவின் வாயிலாகவே வழங்கிய இவ்வித்தை, இருபதாம் நூற்றாண்டில் பொதுமக்களின் உடல்நலத்துக்கு உரியதாயிற்று. அம்மாற்றத்தில் நாம் வாழும் இந்நகருக்குப் பெரும் பங்குண்டு. பரமஹம்ச யோகானந்தரின் இளைய சகோதரரான பிஷ்ணு சரண் கோஷ், 1923-இல் கல்கத்தாவில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நிறுவினார். பளு தூக்குதலும் தசைப் பயிற்சியும் நிகழ்ந்த கூடத்திலேயே ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் இடம்பெற்றன. நோயுற்று வந்தோர்க்கு அவரவர் நிலைக்கேற்பப் பயிற்சி வகுத்துத் தருவது அவர் மரபின் சிறப்பு. அவருடைய மாணவர் புத்த போஸ், 1939-இல் யோகத்தால் உடல்நலம் பெறும் வழியைப் படங்களோடு நூலாக்கி வெளியிட்டார்.

மேற்கே, 1924-இல் சுவாமி குவலயானந்தர் லோனாவளாவில் கைவல்யதாமத்தைத் தோற்றுவித்து, யோகத்தை ஆய்வுக்கூடக் கருவிகளால் சோதிக்கத் தொடங்கினார். நம்பிக்கையை அளவைக்கு உட்படுத்திய அம்முயற்சி பிற நாடுகளிலும் தொடர்ந்தது. 2001-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் அவர்தம் குழுவினரும், நலமுடைய 23 பேரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். கிறித்தவ ஜெபமாலையை ஓதினாலும் மந்திரத்தை ஓதினாலும், மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகத் தணிந்ததை அவர்கள் கண்டனர். சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறோம்.

இதன் காரணம் எளிது. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே விரைகிறது. வெளிவிடும்போது சற்றே தணிகிறது. வேகஸ் என்னும் நரம்பு இதற்குத் துணைபுரிகிறது. ஆகவே வெளிமூச்சு நீள நீள, உடல் அமைதியுறும் நேரமும் நீள்கிறது. அச்சத்திலும் கோபத்திலும் மூச்சு குறுகி விரைவதை நாம் அனைவரும் அறிவோம். அதனை நீட்டி மெதுவாக்கினால் மனமும் பின்தொடர்ந்து தணிகிறது. திருமூலர் கணக்கிலுள்ள நீண்ட இரேசகத்தின் பொருத்தம் இங்கே புலனாகிறது.

ஆயினும் மிகைபடக் கூறுதல் அறிவுடைமை ஆகாது. மூச்சுப் பயிற்சி மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று. ஆஸ்துமா உடையோர் அதனை நம்பி மருந்தை நிறுத்துதல் ஆபத்து. இரத்த அழுத்தமோ இதய நோயோ உடையோர், மருத்துவரைக் கேளாமல் கும்பகத்தில் இறங்கலாகாது. குளிர்காலத்தில் இந்நகரின் காற்று மாசடைந்து கனத்திருக்கும் நாள்களில், வாகனம் விரையும் சாலையோரத்தில் நின்று ஆழ்ந்து மூச்சிழுப்பதும் நன்றன்று.

இவையொழிந்த எஞ்சியோர்க்குப் பெருஞ்செலவோ கருவியோ வேண்டுவதில்லை. காலையில் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, வருந்தாமல் இழுத்து, அதனினும் மெதுவாக விட்டால் போதும். சடங்கைச் செய்வோர் அதனை அவசரமின்றிச் செய்க. செய்யாதோர் மூச்சை மட்டுமேனும் பேணுக. ஊர் விட்டு ஊர் வந்த நாம் நம் மக்களுக்குத் தேடிவைக்கும் பொருள்களுள், பாட்டனார் கொண்டுவந்த இந்த நிதானமும் ஒன்றாகுக.