சின்டர் என்னும் கசடு

பொடியைச் சூட்டில் இறுக்கிப் பீங்கானாக்கும் தொழிலைச் ‘சின்டரிங்’ என்கிறார்களே, அந்தச் சொல்லைச் சற்றே உரித்துப் பாருங்கள். ஜெர்மன் மொழியில் சின்டர் என்றால் முதற்பொருள் கசடு. கொல்லன் பழுக்கக் காய்ந்த இரும்பைச் சம்மட்டியால் அறைகையில் பொரிந்து தெறிக்கும் செதில். பழைய ஆங்கிலத்திலும் ‘சிந்தர்’ என்று வழங்கிய இச்சொல், சாம்பலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லொன்றோடு பிறப்புறவு இல்லாதபோதும் அதன் முதலெழுத்தை வாங்கி அணிந்துகொண்டு, எரிந்தடங்கிய கரித்துண்டுக்குப் பெயராயிற்று. நம் உலைக்களத்தில் இதுவே கிட்டம். வடமொழியிலும் ‘கிட்ட’ என வழங்கும் சொல். சித்த மருத்துவர் இரும்புக்கிட்டத்தை இன்றும் மருந்தாக்குகின்றனர்.

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் ஜெர்மனிடம் மறுபடியும் கையேந்தி, வெந்நீரூற்றின் விளிம்பில் படியும் சிலிக்காப் பொருக்குக்கு இப்பெயரை இட்டது. ஐஸ்லாந்தின் கெய்சிர் ஊற்றைச் சூழ்ந்த பொருக்கு அத்தகையது. பின்னரே அது வினைச்சொல்லாகி, தூள் முழுதும் உருகாமலே சூட்டில் ஒட்டி ஓருடலாவதைக் குறிக்கலாயிற்று.

இச்சொல்லுக்கு எளிதில் இணங்காத பொருள் சிலிக்கன் நைட்ரைடு. 1857இல் வேதியியலாளர்களான தெவீலும் வோலரும் இதைச் செய்து காட்டினர். ஆனால் இதன் அணுப்பிணைப்பு அத்தனை இறுக்கமானதால், அணுக்கள் இடம்பெயர மறுக்கும். சாதாரண அழுத்தத்தில் சூட்டை 1,850 பாகை செல்சியசுக்கு மேல் ஏற்றினாலோ உருகுவதற்கு முன்பே சிதையும். ஆகவே யிட்ரியா, அலுமினா போன்ற ஆக்சைடுகளைச் சிறிதளவு கலக்கிறார்கள். ஒவ்வொரு துகளின் மேலும் இயல்பாகவே படிந்திருக்கும் மெல்லிய சிலிக்காத் தோலோடு அவை கூடி உருகி நீர்மமாகின்றன. அந்நீர்மத்தில் நைட்ரைடின் ஆல்ஃபா படிக வகைத் துகள்கள் கரைந்து, பீட்டா படிக வகை ஊசிகளாக மீண்டும் விளைந்து, ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. கீறல் ஓட வந்தால் அவ்வூசிகளைச் சுற்றி வளைந்து வளைந்து களைக்கிறது. ஆறியபின் ஊசிகளுக்கிடையே எஞ்சும் மெல்லிய சிலிக்கேட் கண்ணாடி உண்மையில் கசடே. கழித்தெறியப்பட்ட பொருளின் பெயர், அதே பொருள் காரையாக நின்று தாங்கும் பீங்கானுக்கு எவ்வளவு பொருத்தமாக வாய்த்திருக்கிறது! இத்தொழிலைத் தமிழில் ‘கிட்டங்கட்டல்’ என்று சொல்லவே எனக்கு விருப்பம்.

எஃகின் எடையில் பாதிகூட இல்லாத பேரிங் குண்டுகள் இவ்வாறே பிறக்கின்றன. சின்ன உறுப்புக்கு இங்கே தனி வலு உண்டு: முறிவு தொடங்குவது ஏதோவொரு நுண்துளையில் அல்லது அயற்பொருள் துணுக்கில்; பருமன் குறையக் குறைய, பெரிய குறையொன்று உள்ளே பதுங்கியிருக்கும் வாய்ப்பும் குறைகிறது. 3 மி.மீ. தடிமனும் 4 மி.மீ. அகலமும் கொண்ட சோதனைக் கோலில் கிடைத்த வலிமையைப் பெரிய உறுப்பு அப்படியே தரும் என்று கணக்கிடக் கூடாது. 1,000 பாகையைத் தாண்டினால் வேறொரு கணக்கு: அப்போது இளகுவது நைட்ரைடு அன்று, ஊசிகளைப் பிணைத்து நிற்கும் அந்தக் கிட்டம்.